வாயில் கண்ட வல்லவர்: குறைகடத்தித் துறை முன்னோடி ஜெயந்த் பாலிகா

காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு மகிழ்ந்தவர் தமிழர். கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. வடக்கினின்று வருவது வாடை. தெற்கினின்று வருவது தென்றல். இந்நான்கனுள் புலவர் பெருமக்கள் பெரிதும் சீராட்டியது தென்றலையே. மேல்காற்றாகிய கோடைக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஆயினும் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர்களை ஆனி, ஆடித் திங்கள்களில் ஆள்வது அம்மேல்காற்றேயாகும். குற்றாலத்தில் சாரலாய்த் தூவுவதும் அதுவே. தன் ஈரத்தின் பெரும்பகுதியை மலையிலேயே உதிர்த்துவிட்டுச் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து, சுரண்டை, கயத்தாறு வரை பரந்த வெளிகளில் வறண்டு வீசுவதும் அதுவே.

அக்காற்றை மின்னாக்கும் காற்றாலைகள் 1980களின் பிற்பாதியில் தமிழகத்தின் தென்பகுதியில் தோன்றத் தொடங்கின. தொடக்ககாலக் காற்றாலைகளின் இறகுகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழலுமாறு கட்டுண்டவை. மின்வாரியத்தின் கம்பியில் ஓடும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்னும் ஒழுங்கினை உடையது. காற்றோ கணத்துக்குக் கணம் மாறும் இயல்பினது. இவ்விரண்டையும் இணைக்க வேண்டிக் காற்றின் விருப்பத்தைக் கம்பியின் ஒழுங்குக்குப் பலியிட்டனர். பின்வந்த பெரிய காற்றாலைகளில் இந்நிலை மாறியது. இறகுகள் காற்றுக்கேற்ப விரைந்தும் தளர்ந்தும் சுழல்கின்றன. அவற்றின் வேகம் மாறினும் கம்பிக்குச் செல்லும் மின்சாரம் 50 சுழற்சியினின்று பிறழாதபடி காக்கும் மின்மாற்றுக் கருவி ஒன்று உள்ளே இருந்து பணிபுரிகிறது. அதன் உள்ளுறுப்பாக, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் சிலிக்கன் சுவிட்சு ஒன்று உண்டு. பொறியாளர் அதனை ஐஜிபிடி என்னும் சுருக்கப் பெயரால் வழங்குவர். தமிழில் 'காப்பிட்ட வாயில் இருமுனை டிரான்சிஸ்டர்' எனலாம்.

அச்சுவிட்சினை உலகின் நடைமுறைக்குக் கொணர்ந்தவர் பண்ட்வால் ஜெயந்த் பாலிகா. குறைகடத்தி என்றவுடன் கணிப்பொறியின் சில்லுகளையே நினைப்பது பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. அவை செய்தியைக் கையாளும் குறைகடத்திகள். அவற்றினும் புகழ் குறைந்த மற்றொரு குடும்பம் ஆற்றலைக் கையாளுகிறது. மோட்டாரை ஓட்டுவதும் விளக்கை எரிப்பதும் தொடர்வண்டியை இழுப்பதும் அக்குடும்பத்தின் பணி. பாலிகா இந்த இரண்டாம் குடும்பத்தின் தலைமகன்.

பிறப்பும் கல்வியும்

பாலிகா 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் தாம் முந்தைய ஆண்டின் இறுதியில் கண்டறிந்த டிரான்சிஸ்டரை உலகுக்கு அறிவித்தது அதே ஆண்டு ஜூன் 30-ஆம் நாள். குழந்தைக்கும் கருவிக்கும் இரண்டு திங்களே இடைவெளி. அக்கருவி பின்னர்த் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு வானொலிப் பெட்டியாக வந்தபோது, பெட்டியின் உள்ளே இருந்த சிறு உறுப்பின் பெயரே பெட்டிக்கும் ஆகி வந்தது. வயல் வரப்பில் பாட்டுக் கேட்டவர் கையில் இருந்ததை 'டிரான்சிஸ்டர்' என்றே மக்கள் வழங்கினர். சினையின் பெயர் முதலுக்கு ஆகிய சினையாகுபெயர் இஃது. இலக்கண ஆசிரியர் வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்கது.

பாலிகாவின் முன்னோர் ஊரான பண்ட்வால் தென்கன்னடப் பகுதியைச் சேர்ந்தது. ஆதலின் அவரைத் தமிழர் என்று உரிமை கொண்டாட இடமில்லை. அயல்நாட்டில் புகழ்பெற்ற ஒவ்வொருவர்க்கும் தமிழ்க் கால்வழி தேடும் ஆர்வம் சில மேடைகளில் காணப்படுவதால் இதனைத் தெளிவாகக் கூறுதல் நன்று. தமிழகத்துக்கு அவர்மீது உள்ள உரிமை பிறந்த மண், பயின்ற கல்லூரி என்னும் இரண்டே; அவை போதும்.

தந்தையார் விட்டல் மஞ்சுநாத் பாலிகா, நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே மின்பொறியியல் கற்ற சிலருள் ஒருவர். இந்தியாவில் வானொலிப் பொறியாளர் அமைப்பு வேரூன்ற முன்னின்றவர். சிறுவனாக ஜெயந்த் வளர்ந்தது பெங்களூரை அடுத்த ஜாலஹள்ளியில். 1954-இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அமைந்த ஊர் அது. சுதந்திர இந்தியாவின் மின்னணுத் தொழில் தவழ்ந்த முற்றத்திலேயே அவருடைய இளமையும் கழிந்தது எனல் மிகையன்று. பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் படிப்பை முடித்தபின் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். மேற்கு ஜெர்மனியின் துணையோடு 1959-இல் தொடங்கப்பெற்ற அக்கழகம் அப்போது பத்தாண்டும் நிறையாத இளங்கழகம். அங்கு மின்பொறியியலில் 1969-இல் பட்டம் பெற்றார். பிலிப்ஸ் இந்தியா பதக்கமும் அவருக்குக் கிட்டியது.

அதன்பின் அமெரிக்காவின் ரென்சலேர் பல்தொழில் நுட்பக் கழகத்தில் 1971-இல் முதுகலைப் பட்டமும், பேராசிரியர் சோரப் காந்தியின் வழிகாட்டலில் 1974-இல் முனைவர் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே நியூயார்க் மாநிலத்து ஷெனெக்டடி நகரில் உள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவன ஆய்வகத்தில் பணியில் அமர்ந்தார். கணிப்பொறிச் சில்லுகள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, அத்துறையே இளைஞரைக் காந்தமென ஈர்த்த காலம் அது. ஆற்றல் குறைகடத்தி ஆய்வோ பெரிதும் கவனிக்கப்படாத மூலையாகக் கிடந்தது. கவனிக்கப்படாத மூலையில் வேலை மிகுதியாகக் கிடந்தது என்பதும் உண்மை.

மோட்டாரின் குறை

1970களின் இறுதியில் அந்நிறுவனத்தை வருத்திய சிக்கல் யாது? மின்மோட்டாரின் வேகத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் மலிவான, நம்பத்தக்க வழி இல்லை என்பதே.

கமலை இறைத்த காலத்தை எண்ணிப் பார்த்தால் இச்சிக்கல் எளிதில் விளங்கும். கிணற்றில் நீர் தாழ்ந்தால் இறைப்பவர் மாட்டின் நடையைத் தளர்த்துவார். பாத்தி நிறையப் போகிறது என்றால் சற்று நிறுத்துவார். வேலைக்கேற்ற நடை என்பது அம்முறையிலேயே அமைந்திருந்தது. மின்மோட்டார் வந்தபின் ஆற்றல் பெருகியது. அந்த நடைமாற்றம் போயிற்று. போட்டால் முழுவேகம், நிறுத்தினால் சூனியம் என்றாயிற்று. தொழிற்சாலைகளில் குறைந்த நீரோ குறைந்த காற்றோ போதுமெனில், மோட்டாரை முழுவேகத்தில் ஓடவிட்டுக் குழாயின் அடைப்பானைத் திருகியே அளவைக் குறைத்தனர். விசையை மிதித்துக்கொண்டே தடையையும் அழுத்தி வண்டி ஓட்டுவது போன்ற செயல் இது. காற்றாடிக்கும் நீர் இறைக்கும் எக்கிக்கும் வேகம் பாதியானால் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறையும் என்பது இயற்பியல் விதி. ஆகவே உலகெங்கும் அடைப்பான்களில் வீணான மின்சாரம் சிறிதன்று.

மோட்டாரின் வேகத்தை மாற்ற, அதற்குச் செல்லும் மின்சாரத்தின் சுழற்சி எண்ணை மாற்ற வேண்டும். அதற்கு மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தொடுக்கும் சுவிட்சுகள் தேவை. அப்போது இருவகைச் சுவிட்சுகள் இருந்தன. இருமுனை டிரான்சிஸ்டர் மிகுந்த மின்னோட்டத்தைத் தாங்கும். ஆனால் அதனைத் திறந்து வைத்திருக்கவே கணிசமான மின்னோட்டத்தை ஓயாது ஊட்ட வேண்டும். வாயிற்காவலனுக்கே வருவாயில் பெரும்பங்கு போவது போன்ற நிலை. மற்றொன்றாகிய மாஸ்ஃபெட் என்னும் புலவிளைவு டிரான்சிஸ்டருக்கு அந்தச் செலவு இல்லை. அதன் வாயில் மெல்லிய ஆக்சைடு படலத்தால் காப்பிடப்பட்டது. ஒரு சிறு மின்னழுத்தக் குறிப்பே அதற்குப் போதும். ஆனால் உயர் மின்னழுத்தத்துக்கு அதனை ஆக்கினால் உள்தடை விரைந்து பெருகி வெப்பமாய் எரியும். ஒன்றுக்கு வலிமை உண்டு, எளிமை இல்லை. மற்றொன்றுக்கு எளிமை உண்டு, வலிமை இல்லை.

இரண்டையும் ஒரே சிலிக்கன் துண்டில் மணமுடித்தால் என்ன என்பதே 1980-இல் பாலிகா முன்வைத்த கருத்து. காப்பிட்ட வாயில் குறிப்புத் தருகிறது. குறிப்புக் கிடைத்தவுடன் எதிர்முனையினின்று நேர்மின் துளைகள் பெருகிப் புகுந்து, தடித்த சிலிக்கன் பகுதியை நல்ல கடத்தியாக்கி விடுகின்றன. பெருமின்னோட்டம் வாயிலைத் தொடாமலேயே ஓடுகிறது.

தமிழ் பயில்வோர்க்கு இவண் ஒன்று தோன்றாமற் போகாது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் முதலாகப் பன்னிருவரை 'வாயில்கள்' என்று தொல்காப்பியம் வகுக்கும். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சொல்லைக் கொண்டு சென்று ஊடலைத் தீர்ப்பவர் இவர். தாம் அவ்வுறவில் கலப்பவர் அல்லர். கலவாமையே வாயிலின் தகுதி. ஆங்கிலப் பொறியாளர் வைத்த பெயரை மொழிபெயர்க்கப் புகுந்தவர் 'வாயில்' என்னும் சொல்லைத் தேர்ந்தபோது இந்தப் பழம்பொருளை நினைந்திரார். ஆயினும் சொல் தன் பழைய பொருளோடு புதிய பொருளையும் இயல்பாக ஏற்றுக்கொண்டது. கலைச்சொல் ஆக்கத்தில் இத்தகைய நற்பேறு அரிதாகவே வாய்க்கும்.

ஐயமும் விடையும்

அறிஞர் பலர் இக்கருத்தை ஐயுற்றனர். ஐயத்துக்குத் தக்க காரணமும் இருந்தது. இருவகைக் கருவிகளை ஒன்றாக்கும்போது நான்கு அடுக்குகள் கொண்ட தைரிஸ்டர் என்னும் மூன்றாம் கருவியும் வேண்டாத விருந்தாக உள்ளே பிறந்துவிடுகிறது. மின்னோட்டம் ஓர் எல்லையைத் தாண்டினால் அது விழித்துக்கொள்ளும். விழித்தால் கதவு திறந்தபடியே பூட்டிக்கொள்ளும். வாயில் என்ன குறிப்புத் தந்தாலும் மூடாது. கருவி எரிந்து அழியும். பாலிகா அச்சிலிக்கனின் உள்ளே ஆழமான, மிகுகலப்புடைய ஒரு பகுதியை அமைத்து, அந்த விருந்தாளி உறக்கம் கலையாதபடி செய்தார்.

நிறுவனத்தின் ஒப்புதலைப் பெறுவது அடுத்த படி. 1981-இல் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்ற ஜாக் வெல்ச், இலாபம் தராத பிரிவுகளை ஈவிரக்கமின்றி மூடியவர் எனப் பெயர் பெற்றவர். அவர் முன்னிலையிலேயே பாலிகா தம் கருத்தை விளக்க நேர்ந்தது. விளக்கு, மோட்டார், குளிர்சாதனம், மருத்துவக் கருவி என அந்நிறுவனத்தின் பல பிரிவுகளுக்கும் ஒரே சுவிட்சு பயன்படும் என்பதே அவருடைய வாதம். வெல்ச் இசைந்தார். புதிய தொழிற்கூடம் கட்டாமல், மாஸ்ஃபெட் செய்துவந்த பழைய வரிசையிலேயே இதனையும் செய்யும்படி பாலிகா வடிவமைத்திருந்தமையால் ஓராண்டுக்குள் கருவி கைக்கு வந்தது. 1982-இல் பாலிகாவும் உடன்பணியாளரும் எழுதிய கட்டுரை பன்னாட்டு மின்னணுக் கருவிகள் மாநாட்டில் அரங்கேறியது.

மற்றோர் இடையூறும் இருந்தது. கருவி மெதுவாக மூடியது. உட்புகுந்த நேர்மின் துளைகள் உடனே மறையாமல் தேங்கி நின்றதே காரணம். பாலிகா எலெக்ட்ரான் கதிர்வீச்சினைச் சிலிக்கனின்மீது செலுத்தி, அத்துளைகளின் வாழ்நாளை அளவோடு குறைத்தார். அக்கதிர்வீச்சு வாயிலின் மெல்லிய படலத்தைக் கெடுத்துவிடும் எனப் பிறர் அஞ்சினர். அளவான வெப்பத்தில் பதப்படுத்தி அக்கேட்டையும் நீக்கினார். இதனால் ஒரே வடிவமைப்பினின்று மெதுவான சுவிட்சும் விரைவான சுவிட்சும் வேண்டியவாறு கிடைத்தன. கருத்தைக் கண்டதைவிட இவ்வேலையே கருவியைச் சந்தைக்கு உரியதாக்கியது எனத் தோன்றுகிறது. ஆயினும் பொதுமக்களுக்காக எழுதப்படும் வரலாறுகள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

முதல்வர் யார்?

இக்கருவியை முதன்முதல் கண்டவர் பாலிகாதானா என்னும் வினா துறை அறிஞரிடையே உண்டு. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தைச் சேர்ந்த யாமகாமி 1968-இலேயே இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை விண்ணப்பம் செய்தார். ஸ்டான்ஃபோர்டின் ஷார்ஃப், பிளம்மர் இருவரும் 1978-இல் இதன் இயக்கத்தை ஒரு தைரிஸ்டர் ஆய்வில் கண்டனர். ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பெக்கே, வீட்லி ஆகியோர் 1980-இல் விண்ணப்பித்து 1982-இல் காப்புரிமை பெற்றனர். பூட்டிக்கொள்ளும் இடரை 1984-இல் முற்றிலும் களைந்து காட்டியவர் தோஷிபாவின் நாககாவா. ஜெனரல் எலெக்ட்ரிக், ஆர்.சி.ஏ., தோஷிபா என்பன தொடக்கத்தில் இதற்கு வெவ்வேறு பெயர்களையே இட்டன. பிள்ளைக்குப் பெயர் வைப்பதிலும் உரிமைப் போட்டி இருந்தது.

நம் பதிப்பு வரலாறு இங்கே ஓரளவு துணைசெய்யும். சீவக சிந்தாமணி ஏடுகள் பல இடங்களில் பலரிடம் இருந்தன, 1887-இல் உ.வே. சாமிநாதையர் அச்சிட்ட பின்னரே அது தமிழுலகின் பொதுச்சொத்தாயிற்று. அதே ஆண்டில் சி.வை. தாமோதரம் பிள்ளையின் முயற்சியால் கலித்தொகை அவ்வாறாயிற்று. ஏட்டில் கிடந்ததும் உண்மை. கைக்கு வந்ததும் உண்மை. ஒப்புமை முழுமையானதன்று. பதிப்பாசிரியர் நூலை இயற்றுவதில்லை; பாலிகாவோ இயற்றவும் செய்தார். எனினும் காகிதத்தில் கிடந்த கருத்துக்கும் தொழிற்சாலையில் உருவான கருவிக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடந்தவர் என்னும் வகையில் முதன்மை அவருக்கே உரியது. ஜப்பானியர் பங்கை மறைத்து எழுதப்படும் புகழுரைகள் அவருக்குப் பெருமை சேர்க்கா.

கைவிட்டவரும் கைக்கொண்டவரும்

கருவியைப் பெற்றெடுத்த ஜெனரல் எலெக்ட்ரிக், 1988-இல் தன் குறைகடத்தித் தொழிலையே ஹாரிஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு விலகியது. பதினான்கு ஆண்டு உழைத்த இடம் தன் துறையையே துறந்தபோது பாலிகா வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். இதற்கிடையில் ஜப்பானின் மிட்சுபிஷி, ஃபூஜி, தோஷிபா ஆகியவையும் ஜெர்மனியின் சீமென்ஸும் இச்சுவிட்சினைப் போட்டியிட்டு மேம்படுத்தின. விரைவு இரயில், கலப்பு எரிபொருள் மகிழுந்து, இன்வெர்ட்டர் குளிர்சாதனம் ஆகியன அவற்றின் வழியே உலகெங்கும் பரவின.

அவர் பிறந்த நாட்டின் நிலையை எண்ணுங்கால் மனம் கனக்கிறது. பஞ்சாப் மாநிலத்து மொகாலியில் அரசு நிறுவிய செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984-இல் சில்லு உற்பத்தியைத் தொடங்கியது. 1989 பிப்ரவரியில் பெருந்தீயில் அழிந்தது. மீண்டும் எழுந்தபோது உலகம் பல படிகள் முன்னேறிவிட்டிருந்தது. சென்னை பெரம்பூரில் உருவாகி 2019-இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் வண்டியை இயக்குவது ஐஜிபிடி சுவிட்சுகளே. வண்டி சென்னையில் உருவாயிற்று. சுவிட்சைக் கண்டவர் சென்னையில் பிறந்தவர். உள்ளிருக்கும் சிலிக்கன் மட்டும் கடல்கடந்தே வர வேண்டியிருந்தது. 76,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் இந்தியக் குறைகடத்தித் திட்டம் 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அறிவாளர் வெளியேறிய கதையாக மட்டும் இதனைப் பேசுவது வழக்கம். அது பாதி உண்மையே. 1974-இல் அவர் நாடு திரும்பியிருந்தால் அக்கருத்தைச் சிலிக்கனில் வடித்துப் பார்க்கத் தக்க தொழிற்கூடம் இங்கு இருந்ததா என்பது மற்றைய பாதி.

பெருமைகள் பின்னாளில் நிரம்ப வந்தன. டிரான்சிஸ்டரின் பொன்விழாவையொட்டி 1997-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழ் குறைகடத்திப் புரட்சியின் எண்மருள் ஒருவராக அவரைப் போற்றியது. 2011-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கினார். 2014-இல் மின்பொறியாளர் உலகின் தலையாய விருதான ஐ.இ.இ.இ. மதிப்புப் பதக்கமும், 2024-இல் பத்து இலட்சம் யூரோ மதிப்புள்ள பின்லாந்தின் மில்லெனியம் தொழில்நுட்பப் பரிசும் கிடைத்தன. அச்சுவிட்சு முப்பது ஆண்டுகளில் 8,200 கோடி டன் கரியமில வாயு காற்றில் கலவாமல் தடுத்தது என்பது அப்பரிசினையொட்டி எடுத்துரைக்கப்பட்ட கணிப்பு. கணிப்புகள் கூடலாம், குறையலாம். சமையலறையின் இண்டக்ஷன் அடுப்பிலும், நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கையடக்கக் கருவியிலும், கதிரொளியை வீட்டு மின்சாரமாக்கும் மாற்றியிலும், கயத்தாற்றுக் காற்றாலையிலும் அதே வகைச் சுவிட்சு உழைப்பதைக் காணக் கணக்கு வேண்டியதில்லை.

வட கரோலினாவில் அவர் தொடர்ந்தது வேறொரு வேலை. ஆற்றல் சுவிட்சின் தடை அது செய்யப்பட்ட பொருளின் எந்தெந்தப் பண்புகளைச் சார்ந்தது என்று காட்டும் சமன்பாட்டை 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அவர் வகுத்திருந்தார். அதிலிருந்து பிறந்த அளவுகோல் 'பாலிகா தகுதியெண்' எனப் பெயர் பெற்றது. சிலிக்கனைவிடச் சிலிக்கன் கார்பைடு பல நூறு மடங்கு சிறந்தது என்று அக்கணக்குக் கூறியது. அன்று அப்பொருளைக் குறையற்ற படிகமாக வளர்க்கவே எவர்க்கும் தெரியாது. 1992-இல் அவருடைய குழு அப்பொருளில் உயர் மின்னழுத்த டையோடு ஒன்றைச் செய்து காட்டியது. கால் நூற்றாண்டு கழித்து, 2017-இல் வெளிவந்த டெஸ்லா நிறுவனத்தின் மூன்றாம் மாதிரி மின்மகிழுந்தில் ஐஜிபிடி இருந்த இடத்தைச் சிலிக்கன் கார்பைடு சுவிட்சுகள் பிடித்துக்கொண்டன. தம் கருவியை இடம்பெயர்க்கும் கருவிக்கு வேண்டிய கணக்கையும், தம் கருவி பிறந்த அதே ஆண்டுகளில் அவரே எழுதி வைத்திருந்தார்.